கடையில் ஓடிய மோட்டார்

பச்சைப் பொத்தானை அமுக்கி அமுக்கிச் சென்னியப்பனுக்குக் கட்டைவிரல் நகம் கன்றிப்போயிருந்தது. ஆறு நாளாக இதே வேலை. பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, சோறு தின்றதும் ஒரு தடவை, எதற்கென்றே தெரியாமல் நடுவில் நாலைந்து தடவை. பொத்தான் உள்ளே போகும், வெளியே வரும். கிணற்றுக்குள் கல் மேடையில் உட்கார்ந்திருந்த மோட்டார் ஒரு முனகல்கூட விடாது.

"ஏனுங்க, கையக் கழுவீட்டு வந்து ஒரு வாய் உண்ணுங்க" என்று வள்ளியாத்தாள் மோட்டார் சாளை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"கடலைக்குத் தண்ணியில்ல. எனக்கென்ன சோறு?"

"நீங்க பட்டினி கெடந்தா அது ஓடீருமா?"

அவன் மறுபடியும் பொத்தானை அமுக்கினான். நான்கு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு அவன் கோபம் பழக்கம். கத்துவான், பாத்திரத்தை எறிவான், அரை மணியில் தானாகவே வந்து வெற்றிலை கேட்பான். கத்தாமல் இருந்ததுதான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்று ஏக்கர் கடலை. எருத்தேன்பதிப் பக்கத்துச் செம்மண் அது, தண்ணீர் மட்டும் காட்டினால் எதை வேண்டுமானாலும் கொடுக்கும். பூ முடிந்து விழுது இறங்கும் பருவம். கடலைக்குப் பூ மேலே, காய் கீழே. பூ வாடியதும் ஊசி கனத்தில் ஒரு விழுது கிளம்பி மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கினால்தான் காய். மண் இளகியிருந்தால் இறங்கும். ஓடு தட்டிப்போன மண்ணில் முட்டி முட்டி நுனி கருகிவிடும். அதற்கப்புறம் ஆறே திரும்பி வந்து பாய்ந்தாலும் செடி பச்சையாக நிற்கும், பிடுங்கினால் வெறும் வேர்தான் வரும். மலைக் கணவாய் வழியே வரும் காற்று அந்த வருஷம் மாசி முடிந்தும் ஓயாமல் அடித்து, இருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது.

பாகம் பிரித்த பிறகு போட்ட முதல் வெள்ளாமை இது. சென்னியப்பன் தனியாக நின்று காட்ட வேண்டிய வெள்ளாமை. ஊரில் பாதிப் பேர், அண்ணன் நிழலில் வேலை செய்தவன் தனியாக என்ன கிழிக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும்.

அண்ணன் பொங்கியண்ணனும் தம்பியும் பிரிந்தது தை மாதம். பாகபத்திரம் எழுதும்போதே பேச்சு முற்றிவிட்டது. கிழக்குப் பாதியும் பழைய கிணறும் எருமைகளும் தம்பிக்கு. மேற்குப் பாதியும், அதில் பாதி தோண்டிக் கிடந்த புதுக்கிணறும், காளைகளும் அண்ணனுக்கு. பழைய கிணற்றில் இரண்டு மோட்டார் இருந்தன, மேட்டுக்காட்டுக்கு ஒன்று, பள்ளக்காட்டுக்கு ஒன்று. செத்துப்போன அப்பன் வாங்கிப் போட்டவை. ஆளுக்கொன்று என்று எழுதினார்கள். புதுக்கிணறு தோண்டி முடிகிறவரைக்கும் அண்ணனின் மோட்டார் இங்கேயே இருந்து முறைத் தண்ணீர் பாய்ச்சியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஓடாது. ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தால் மற்றவனுடையது பிடிக்கவே பிடிக்காது. இரண்டும் ஒன்றாக இழுக்கக் கரண்டு பத்தாது என்று பத்து வருஷமாக அந்தக் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. அதனால் முறைச் சண்டைக்கும் குறைவில்லை.

புதுக்கிணறு ஊறியதும் பொங்கியண்ணன் ஆளைக் கூட்டி வந்து தன் மோட்டாரைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார், சுவரிலிருந்த தன் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றினார். சென்னியப்பன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"உங்க சாமானம் ஒரு ஆணி கூட இங்க இருக்கப்படாது. கம்பி, கிம்பி எல்லாத்தயும் அத்து எடுத்துட்டுப் போங்க" என்றான்.

"இருந்தாத்தானடா மறுக்கா வருவேன். இனி இந்த வாசப்படி மிதிச்சா நா எங்கப்பனுக்குப் பொறந்தவனில்ல" என்றார் அவர். இடுக்கியால் கம்பிகளைக் கத்தரித்துவிட்டுப் போனார். அன்று பொழுது சாயச் சென்னியப்பன் பொத்தானை அமுக்கினான். மோட்டார் செத்துக் கிடந்தது.

அடுத்த நாளே மோட்டாரை எருமை வண்டியில் போட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுபோனான். அங்கே மோட்டார் சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர் முத்துசுவாமி, கல்பாத்தி ஐயர். வேலையில் சுத்தமான மனுஷன். அன்றைக்கே திறந்து, துடைத்து, கடைச் சுவரிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்தார். மோட்டார் ஜம்மென்று சுற்றியது.

"ஒரு கேடும் இல்லை கேட்டேளா. என்னமா ஓடறது பாருங்கோ. உங்க லைன்லதான் என்னமோ இருக்கு. ஆபீஸ்ல போய் ஒரு அபேட்சை எழுதிக் கொடுங்கோ."

கொண்டுவந்து இறக்கிப் பூட்டினான். ஓடவில்லை.

லைன்மேன் வந்தார். பல்பைக் கம்பியில் தொட்டுக் காட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"மூணு கம்பியிலும் கரண்டு இருக்கில்ல? பின்ன என்னைக் கேட்டா? மோட்டாரைக் கொண்டுபோய் சரியாக்கு."

மறுபடியும் முத்துசுவாமி கடை. மறுபடியும் ஜம்மென்று சுற்றியது. அவர் சொன்னதும் உண்மை, லைன்மேன் சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் சுவரில் தொங்கிய பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது இவர் வேலையும் இல்லை, அவர் வேலையும் இல்லை.

கடையில் ஓடுகிற மோட்டார் கிணற்றில் ஓடவில்லை என்றால் மனுஷ மனசு எங்கே போகும்? சென்னியப்பன் மனசு நேராக அண்ணனிடம் போனது.

"ஏதோ பண்ணி வெச்சிருக்கறான். கெணத்துமேட்டுல எதயோ பொதைச்சு வெச்சிருக்கறான். இல்லாட்டி அவங்காடு மட்டும் எப்படி பச்சையா இருக்குது?"

வள்ளியாத்தாளும் பார்த்தாள். பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் அண்ணன் காட்டில் வாய்க்கால் ஈரமாகத்தான் கிடந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. ஓரகத்தி, பொங்கியண்ணன் பெண்டாட்டி மருதாத்தாளை மனசுக்குள் வைத வசவை எல்லாம் இங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் புருஷனும் பெண்டாட்டியும் குடத்தில் சுமந்தார்கள். எண்பது படி இறங்கி, எண்பது படி ஏறி, பாத்திக்கு இரண்டு குடம். மூன்று ஏக்கருக்குக் குடம் எந்த மூலைக்கு? அவள் தோள்பட்டை வீங்கியது. அவனுக்கு இரண்டாம் நாள் மத்தியானம் படியில் கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல வாங்க. இங்க ஒக்காராதீங்க. மேல வாங்க."

"பயப்படாத. குதிக்க மாட்டேன்" என்றான். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பறமும் பாயலீன்னா உங்கண்ணங்கிட்டப் போறேன்."

அவள் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி மலைமேல் சித்திரபுரத்தில் கரண்டு போர்டு குவார்ட்டர்ஸில் வாட்ச்மேன். எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள், கூலிக்காரர்கள் லயத்தில் ஒரு வீடும் கொடுப்பார்கள் என்று போன பொங்கலுக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

"நெலத்த உட்டுட்டுப் போயி தேயிலக்காட்டுல கூலிக்கு நிப்பீங்களா?"

"இங்க நின்னு ஊரு சிரிக்கறதப் பாக்கறதுக்கு அது தேவலாம். அங்க குளுருது. ஆனா யாருக்கும் என்னயத் தெரியாது."

வெள்ளிக்கிழமை விடிந்தது. அவன் கடைசியாக ஒருமுறை பொத்தானை அமுக்கினான். பிறகு மஞ்சள் பையில் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் எடுத்து வைத்தான். பொள்ளாச்சி பஸ் பன்னிரண்டு மணிக்கு. அங்கிருந்து உடுமலை போய் மலைக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

"பன்னண்டு வரைக்கும் இருங்க. இந்தா வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு வள்ளியாத்தாள் கிளம்பினாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள்.

பனைமரங்களைத் தாண்டி மேற்கே நடந்தாள். காலில் விழுவதா, மண்ணை வாரித் தூற்றுவதா என்று போகிற வழியெல்லாம் அவளுக்கே முடிவாகவில்லை. புதுக்கிணற்றை நெருங்கியதும் கிரீச் கிரீச்சென்று உருளைச் சத்தம் கேட்டது. பொங்கியண்ணன் காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் வந்த காட்டில் எவனாவது தோல்பறியில் தண்ணீர் இறைப்பானா? காளைகளின் கழுத்துத் தோல் உரிந்து ஈ மொய்த்தது. அவர் தோளிலும் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. வாய்க்காலில் மண் அணைத்துக்கொண்டிருந்த மருதாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்தப் பாக்க வந்த? எங்க காடு காஞ்சுதான்னு பாத்துட்டு வரச் சொன்னானா உம் புருசன்?"

"அக்கா, மோட்டாரு என்னாச்சுங்க?"

"என்னாச்சா? உங்க ஊட்டுச் சாளையில இருந்து எடுத்துட்டு வந்த நாள்ல இருந்து ஓடல. உள்ள இருந்து எதயோ கழட்டிக்கிட்டுத்தான் குடுத்தீங்கன்னு இவரு குதிக்கறாரு. போயிக் கேளுங்கன்னா, செத்தாலும் அந்த வாசல்ல போயி நிக்க மாட்டேங்கறாரு. பொழுது விடியறதுக்கு முந்தி புடிச்சு ரெண்டு பேரும் மாட்டோட மாடாச் சாகறோம்."

வள்ளியாத்தாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, அழுதாள்.

"எங்களுதும் ஓடலீங்க்கா. அன்னீல இருந்தே ஓடல. நீங்க என்னமோ பண்ணிப்போட்டீங்கன்னு அவரு சொல்றாரு."

உருளைச் சத்தம் நின்றது. பொங்கியண்ணன் காளைகளை நிறுத்திவிட்டு வந்து நின்றார். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ரெண்டுமா ஓடல?"

"ஆமாங்க மாமா. கடையில ஓடுது. கெணத்துல ஓடல."

"எனக்கும் அதே கததான். அந்த ஐயரு கடைக்கே நானும் கொண்டு போனேன். ஓட்டிக் காட்டுனாரு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இந்தக் கவுண்டனுங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமான்னு நெனச்சிருப்பாரு மனுசன்."

வள்ளியாத்தாள் எழுந்து அவர்களின் புதுச் சாளைக்குள் போனாள். பெட்டியின் மூடி திறந்தே கிடந்தது. மோட்டாருக்குப் போகிற கனமான கம்பிகளுக்கு அடியில் இரண்டு சிவப்புக் கம்பிகள் துண்டாகத் தொங்கின. நுனியில் துணி சுற்றியிருந்தது.

"இது எங்க போற கம்பிங்க மாமா?"

"ஆருக்குத் தெரியும்? அங்க உங்க பெட்டிக்குள்ள போச்சு. கழட்டறப்ப அத்துப்போட்டேன். அவந்தான் ஒரு கம்பி இருக்கப்படாதுன்னானே."

"எங்க பெட்டியிலயும் இதே மாதிரி ரெண்டு துண்டு தொங்குதுங்க."

மருதாத்தாள் வாசலில் மண் கையோடு நின்றிருந்தாள். "அது சுவக்கீன் போட்டது" என்றாள். "மோட்டாரு வெச்ச புதுசுல ஒயர் வேல பாத்தானல்லொ, அந்தாளு. மாமனாரு மறுக்கா ஒரு நாள் கூட்டியாந்தாரு. இவிங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிருந்தாங்க. நாந்தான் சோறாக்கிப் போட்டேன். 'ஒருத்தன் ஓட்டறப்ப இன்னொருத்தன் ஓட்டப்படாது, அப்படி ஒரு வேல பண்ணு, ரெண்டும் போட்டிக்கு ஓட்டி கெணத்தச் சேறாக்கறானுக'ன்னு மாமனாரு சொல்லீட்டு இருந்தாரு. எனக்கென்ன புரியுது? சோத்தப் போட்டுட்டு வந்துட்டேன்."

பொங்கியண்ணன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"அப்பக் கரண்டு பத்தாமயில்ல" என்றார் பொங்கியண்ணன் மெதுவாக. "எம் பெட்டி அவம் பெட்டியக் கேட்டுட்டுத்தான் ஓடியிருக்குது. அவன் பெட்டி என்னயக் கேட்டுட்டு."

"பத்து வருசமா கரண்டாபீசுக்காரனத் திட்டுனோமே" என்றாள் மருதாத்தாள்.

கேட்க ஆள் இல்லாமல் அறுந்து நின்ற கம்பி அது. பதில் வராததால்தான் இரண்டு பெட்டியும் பிடிக்காமல் கிடந்தன. அறுந்த இரண்டு நுனியையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டது வள்ளியாத்தாள்தான். பொங்கியண்ணனுக்குக் கரண்டென்றால் பயம். ஆனாலும் மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி மருதாத்தாள் மடியில் கொடுத்துவிட்டு, துணியைப் பிரித்து இரண்டு செம்பு நுனியையும் முறுக்கினார்.  மறுபடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, சாமியைக் கும்பிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

டக்கென்று பெட்டி பிடித்தது. கிணற்றுக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் எழும்பியது. குழாய் இருமி இருமிச் சேற்றைக் கக்கி, பிறகு தண்ணீரைக் கொட்டியது. மருதாத்தாள் "ஆத்தா மாகாளி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வள்ளியாத்தாள் அதைப் பார்க்க நிற்கவில்லை. "மாமா, எங்களுதுக்கும் வந்து முறுக்கி உடுங்க. அவரு பன்னண்டு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறாரு. மலைக்குப் போறாரு."

பொங்கியண்ணன் தன் காட்டைப் பார்த்தார், காளைகளைப் பார்த்தார். வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் அவருடையது.

"போங்க" என்றாள் மருதாத்தாள். "மானத்த அப்பறமாப் பாத்துக்கலாம்."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட, வள்ளியாத்தாள் பின்னால் ஓடினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு சாத்தியிருந்தது. மஞ்சள் பையைக் காணோம். அடுப்பு மேட்டில் சோற்றுப்போசி மூடியபடியே இருந்தது. சொன்ன நேரம்வரை இருக்கும் பொறுமை அவனுக்கு என்றைக்கு இருந்திருக்கிறது?

பொங்கியண்ணன் சாளைக்குள் போய் இந்த முறை தயங்காமல் முறுக்கினார். பொத்தானை அமுக்கியதும் மோட்டார் பிடித்துக்கொண்டது. ஆறு நாள் காய்ந்த தொட்டியில் தண்ணீர் விழுந்து தெறித்தது. வள்ளியாத்தாள் தெருப்பக்கம் பாய்ந்தாள். நாலடி போயிருப்பாள், வாய்க்காலின் முதல் மடையே பிளந்துகொண்டது. வெடித்துக் கிடந்த வாய்க்கால் இத்தனை வேகத் தண்ணீரை எப்படித் தாங்கும்? வெள்ளம் காட்டுக்குப் போகாமல் வேலியோர இட்டேரித் தடத்தில் இறங்கியது. ஆறு நாள் கழித்துப் பிடித்த மோட்டாரை நிறுத்த இருவருக்கும் மனசு வரவில்லை, மறுபடி பிடிக்குமோ என்ற பயம்.

"அம்மிணி, நீ தண்ணியப் பாரு! சைக்கிள்ல நாம் போறேன். ஓடறதுக்கு உன்னால ஆகாது" என்று கத்திவிட்டு அவர் ஏறி மிதித்தார்.

அவள் நின்றாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தண்ணீர். பஸ் நிறுத்தம் ஒன்றரை மைல். சைக்கிள்தான் வேகம், அது சரியான கணக்குத்தான். அவள் மம்பட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குத் திரும்பினாள்.

மண்ணை வெட்டி வெட்டி அணைத்தாள். முதல் பாத்தியில் தண்ணீர் ஏறியபோது மண் சுர்ரென்று குடித்த சத்தம் கேட்டது. குனிந்து ஒரு செடியின் தூரை விலக்கிப் பார்த்தாள். நாலு விழுதில் மூன்று நுனி கருகியிருந்தது, ஒன்று வெளுப்பாக உயிரோடு இருந்தது. அடுத்த செடியில் இரண்டு உயிரோடு இருந்தன. பாதி தேறும். பாதி தேறினாலே விதைக்கும் வீட்டுக்கும் ஆகும், ஊர் வாயையும் அடைக்கலாம். இதை அவன் வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை ஆசையாக வந்தது. சேற்றில் நின்றபடியே சிரித்தாள். பாத்தி பாத்தியாகத் திருப்பிக்கொண்டே போனாள். கால் முழங்கால்வரை சேறு. ஒவ்வொரு மடை மாற்றும்போதும் நிமிர்ந்து தடத்தைப் பார்த்தாள்.

ஒன்பதாவது பாத்தியில் இருக்கும்போது சைக்கிள் வந்தது. அவர் மிதித்து வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். கேரியர் காலியாக இருந்தது.

"பஸ்ஸு போயிருச்சுங்களா மாமா?"

"இல்ல அம்மிணி. நாம் போறப்ப நின்னுட்டுத்தான் இருந்துது." அவர் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். "சன்னலோரமா ஒக்காந்திருந்தான். எறங்குடா, மோட்டாரு ஓடுது, உம் பொண்டாட்டி தண்ணி கட்டீட்டு இருக்கறான்னு சொன்னேன். என்ற மூஞ்சியவே பாத்தான்."

"என்னுங்க சொன்னாரு?"

"ஆறு நாளா ஓடாதது நீங்க வந்து சொன்னதும் ஓடுதா, போறவனயும் உடாம நக்கலா பண்றீங்கன்னான். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அப்பன் மேல ஆணைடான்னேன். அப்பம் பேர எடுத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். கம்பிய முறுக்குன கதையச் சொல்லறதுக்குள்ள டிரைவரு வண்டிய எடுத்துட்டான். கொஞ்ச தூரம் கூடவே மிதிச்சேன். முடியல அம்மிணி."

மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வள்ளியாத்தாள் தன் காலைப் பார்த்தாள். தண்ணீர் வந்ததற்குச் சேறுதான் சாட்சி, இந்தக் காலோடு அவள் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றிருந்தால் போதும், ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாம்.

"நா வந்திருந்தா எறங்கியிருப்பாருங்களா மாமா?"

பொங்கியண்ணன் அவள் கையிலிருந்த மம்பட்டியை வாங்கி, அடுத்த மடையை வெட்டித் திருப்பினார். தண்ணீர் பத்தாவது பாத்திக்குள் ஓடியது. அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"எறங்கியிருப்பான், அம்மிணி" என்றார்.